சாட்சி வாரம்

வேதாந்தம் ஏட்டிலேயே தூங்கக் கூடாது, சாதாரணக் குடும்பஸ்தன் வீட்டு அடுப்படி வரைக்கும் வரவேண்டும் என்று மயிலாப்பூரில் ஞாயிறுதோறும் கூடிய சில குமாஸ்தாக்களும் வக்கீல்களும் தீர்மானம் செய்தார்கள். அடுப்படியில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கணவர் அதில் தீவிர அங்கத்தினர். வாரத்துக்கு ஒரு தத்துவம்; அதை வீட்டில் பழகிப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு எழுந்து நின்று அனுபவத்தைச் சொல்லவேண்டும்.

பற்றின்மை வாரத்தில் புதுக் குடையை டிராமில் விட்டுவிட்டு வந்தார். போகட்டும். சாட்சி வாரம்தான் என் பிராணனை வாங்கியது. நடப்பதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், நான் செய்கிறேன் என்ற எண்ணமே கூடாதாம். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. மனிதர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் பார்த்தா செங்கல்பட்டிலிருந்து பெண் கேட்டு வரவேண்டும்? எங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளைக்கு முப்பது தாண்டிவிட்டது, இரண்டாந்தாரமாகக் கேட்டார்கள். அவள் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் என்றால் பள்ளிக்கூடம் அன்றோடு சரி. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று முதல் நாளே கெஞ்சினேன். தலையை ஆட்டினார். அதை நம்பி, பெண்ணைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

பிள்ளையின் அப்பா காபி சாப்பிட்டார், நிலபுலன்களைப் பற்றிச் சொன்னார், தை மாதமே முடித்துவிடலாம் என்றார். இவர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வந்தவர் தட்டு மாற்ற நாள் பேச ஆரம்பித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷன் கூடத்தில் இருக்கும்போது பெண்டாட்டி குரல் வெளியே கேட்கக் கூடாத காலம் அது. நிலைப்படிக்கு வந்தேன்.

"அவ படிச்சிண்டிருக்கா. இப்போ கல்யாணம் பண்றதா இல்லை. மன்னிக்கணும்."

வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் தெருவில் இறங்கியதுதான் தாமதம், என் வீட்டுச் சாட்சி தையா தக்கா என்று குதித்தார். மானம் போய்விட்டதாம். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

அந்த ஞாயிறு கூட்டம் எங்கள் வீட்டு முறை. உள்ளே சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் எழுந்து, தம் பெண்ணுக்கு வந்த பொருந்தாத வரன் சாட்சி பாவத்தின் வலிமையால் தானாகவே விலகிப்போன கதையை விவரித்தார். சபாஷ் என்றார்கள். தத்துவம் குடும்பத்துக்கு உதவும் என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும் என்றார் தலைவர். வாணலியோடு போய் அவர்கள் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது. சுண்டலைத் தொன்னையில் போட்டுக் கொடுத்தேன்.

பெண் கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் படித்தாள், பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஆனாள். அப்பா அன்றைக்கு வாயைத் திறக்காமலே தன்னைக் காப்பாற்றினார் என்று இன்றும் கண்கலங்கச் சொல்கிறாள். நடந்ததை நான் சொன்னால் சிரிக்கிறாள். அம்மாவுக்கு அந்தத் தத்துவமெல்லாம் புரியாது என்கிறாள்.