பூக்கோசுக்கு அடித்த வெள்ளை

எங்கள் வீட்டில் காய்கறி முதலில் படமாகும், அப்புறம்தான் குழம்பாகும். அந்த நாளில் ரிச்சர்ட்ஸ் டவுனில் வேறெந்த வீட்டிலும் இப்படி நடந்ததில்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். என் அம்மா ஓவியம் வரைந்தாள். பொழுது போகாமல் அல்ல, வேலையாக.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வாட்டர் கலர் பழகியவள். கல்யாணத்துக்குப் பிறகும் கலர் பெட்டியைப் பரணில் போடவில்லை. ஞாயிறு பள்ளிக்கு வசன அட்டை, தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு எட்டு வயதானபோது, விதை விற்கும் கம்பெனி ஒன்று அம்மாவைத் தேடி வந்தது. அவர்கள் அச்சடிக்கும் விதைப் புத்தகத்துக்குக் காய்கறிப் படங்கள் வேண்டுமாம். முதலில் நான்கு படம் போட்டுக் காட்ட வேண்டும். கம்பெனித் துரைக்குப் பிடித்தால் புத்தகம் முழுக்க அம்மாவுக்கு. பிடிக்காவிட்டால் மதராஸில் இருக்கும் ஒரு ஓவியருக்குப் போய்விடும். "புள்ளகுட்டிக்காரி, சொன்ன நாளைக்கு எங்கே கொடுக்கப் போறா?" என்று கம்பெனியின் ஹெட் கிளார்க் முகத்தைச் சுளித்தது எங்கள் வீடுவரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா விடிவதற்கு முன்பே எழுந்தாள்.

வியாழக்கிழமை தோறும் பியூன் ஒரு கூடையில் காயைக் கொண்டுவந்து, "அம்மாவரே, ஜோபானா!" என்று கன்னடத்தில் பத்திரம் சொல்லி, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுப்பான். திங்கட்கிழமை காலை படத்தை வாங்கிப் போவான். வாடுவதற்குள் வரைந்தாக வேண்டும். அதுவரை யாரும் காயின் பக்கத்தில் போகக் கூடாது. முள்ளங்கி, பீட்ரூட், பட்டாணி மூன்றும் இப்படிப் படமாகி, எங்கள் வயிற்றுக்குள்ளும் போயாயிற்று. நான்காவதாக வந்தது பூக்கோசு.

சனிக்கிழமை மத்தியானம் படம் முடிந்தது. பூக்கோசு கூட்டாகிவிட்டது. பலகையை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு அம்மா கொல்லையில் துணி துவைக்கப் போனாள். என் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுப் பெண்ணை, அவளுக்கும் என் வயசுதான், கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"இலைக்கு மட்டும்தான்டி கலர் அடிச்சிருக்காங்க. பூவுக்கு அடிக்கவே இல்லையே. வெறும் பேப்பர் தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அடப்பாவமே, உண்மைதான்! இலைகள் பச்சைப் பசேலென்று இருக்க, நடுவே லேசான சாம்பல் தீற்றல்கள் தவிரப் பூ முழுக்க வெறும் காகிதம். கலர் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு வில்லைகள் இருந்தன. அதில் வெள்ளையே இல்லை.

வெள்ளை இல்லாததை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு அம்மா அப்படியே விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அந்த ஹெட் கிளார்க் சிரிப்பானே! என் அம்மாவைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது.

வெள்ளை எங்கள் வீட்டில் இல்லாத பொருளா என்ன? அப்பா பையன்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவருடைய கான்வாஸ் ஷூவுக்குப் பூசும் வெள்ளைக் கட்டி அலமாரிக்குக் கீழேயே இருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அம்மாவின் பிரஷ்ஷாலேயே பூசினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பூசினேன். "இப்பத்தான்டி நெஜப் பூக்கோசு மாதிரி இருக்குது" என்று பக்கத்து வீட்டுப் பெண் சான்றிதழும் கொடுத்தாள்.

குட்டு அப்பாவால் உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஊசிநூலைக்கூடத் தொடமாட்டார்கள் என்பதால், சனிக்கிழமை சாயங்காலமே அவர் ஷூவுக்கு வெள்ளை பூச உட்கார்ந்துவிடுவார்.

"வெள்ளைக் கட்டியில பச்சை எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி ஜன்னலுக்கு ஓடினாள். நான் பூசியது காய்ந்து, வெடித்து, இலைப் பச்சையையும் இழுத்துக்கொண்டு நின்றது. ஈரத் துணியால் ஒற்றிப் பார்த்தாள். வெள்ளையோடு பச்சையும் கிளம்பி வந்தது. திரும்பி என் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"ரெண்டு நாளா நான் கை படாம காப்பாத்தினதே அந்தக் காகித வெள்ளையத்தான்டி, பாவி! அதுல போய் ஷூ மாவைப் பூசி வச்சிருக்கியே!"

"பெட்டியில வெள்ளை இல்லையேம்மா..." என்று அழுதேன்.

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா மெதுவாக, "பியூன்கிட்ட ஒரு வாரம் டைம் கேட்டுப் பாக்கலாமே" என்றார்.

"கேட்டா அந்த ஹெட் கிளார்க் சொன்னது நெஜமாயிடும். செத்தாலும் கேக்க மாட்டேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை."

"ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க எனக்கு ஒரு பூக்கோசு கொண்டாங்க."

அப்பா ஆராதனையைத் தவறவிட்டு யாரும் பார்த்ததில்லை. மறுநாள் கருக்கலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஆடுகோடி தாண்டியிருந்த தோட்டங்களுக்குப் போனார். கோயில் மணி அடிக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனே வெள்ளையும் சள்ளையுமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்க, அப்பா மட்டும் எதிர்த்திசையில், தன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் பூக்கோசுக்குப் போர்த்தி, எல்லோருக்கும் விறைப்பாக சல்யூட் வைத்துக்கொண்டே வந்தார்.

"இந்த வாசப்படியைத் தாண்டினே, காலை ஒடிச்சிடுவேன்" என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டுப் புதுக் காகிதத்தோடு உட்கார்ந்தாள். நான் தாண்டவில்லை. வாசற்படியிலேயே நின்று அன்று முழுக்கப் பார்த்தேன். அம்மா பூவின் வெள்ளையைத் தொடவே இல்லை. நீலத்தில் துளி பழுப்பைக் கலந்து, தண்ணீரில் கரைத்துக் கரைத்து, நிழல் விழும் இடங்களை மட்டும் தொட்டாள். தொட்டு, காயவிட்டு, மறுபடி தொட்டாள். மத்தியானம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்தபோது, ஒன்றுமில்லாத காகிதத்திலிருந்து பூக்கோசு புடைத்து எழுந்து நின்றது. அதைப் போட்டவள் என் அம்மா என்று தெருவில் இறங்கிக் கத்த வேண்டும்போல் இருந்தது. கன்னம் இன்னும் எரிந்ததால் கத்தவில்லை.

சாயங்காலம் பாஸ்டர் விசாரிக்க வந்தார். "ஆராதனையில காணோமே, யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். "பூக்கோசுக்கு" என்றார் அப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

திங்கட்கிழமை காலை படம் போயிற்று. வியாழக்கிழமை பியூன் வந்தபோது அவன் கையில் ஒரு கூடைக்கு இரண்டு கூடை இருந்தது. அம்மா இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். புத்தகம் அவளுக்குத்தான்.

சில மாதங்கள் கழித்து அச்சான புத்தகம் வந்தது. மொத்தம் இருபத்திரண்டு படங்கள். வீட்டுக்கு அந்த ஒரு பிரதிதான். கேட்காமல் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்று பார்த்தது. டீச்சர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "உங்கம்மா போட்டதுன்னு எங்கே இருக்கு? பேரையே காணோமே" என்றார். நானும் தேடினேன். கம்பெனி பெயர் இருந்தது. காயின் பெயர் இருந்தது. அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. படத்துக்குக் கீழே வெறும் காகிதம்தான் இருந்தது.

பட்ட அடி எனக்குப் புத்தி சொல்லவில்லை. மைப்பேனாவை எடுத்தேன். பூக்கோசுக்குக் கீழே அம்மாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன்.

எழுதின கையோடு பயமும் வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து புத்தகத்தை நீட்டிவிட்டு, கன்னத்தைக் கை எட்டாத தூரத்துக்கு நகர்த்திக்கொண்டேன். அம்மா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"எழுத்து கோணலா இருக்கே" என்றாள். பிறகு மேசைமேல் புத்தகத்தை விரித்து, மைக்கூட்டை என் பக்கம் தள்ளினாள். "மிச்சம் இருபத்தோரு படத்துக்கு யார் எழுதறது? உக்காரு."

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள். எழுதி முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் தானே ஊதிக் காயவைத்துத் திருப்பினாள். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தால் அதையே இருபது தரம் எழுதச் சொல்வார்களே, அதுபோல இதுவும் தண்டனை என்று நினைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, கை வலிக்க, கடைசிப் படம் வரைக்கும் அம்மாவின் பெயரை எழுதினேன்.