ஒரே ஆளா, இரண்டு பேரா

மெயில் வந்தபோது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தேன். 'தங்கள் முயற்சிக்கு நன்றி' என்று ஆரம்பித்தாலே விஷயம் தெரிந்துவிடும், மேலே படிக்க வேண்டியதில்லை. ஆனாலும் படித்தேன். மற்ற கம்பெனிகள் காரணம் சொல்வதில்லை. இவர்கள் ஒரு வரி சொல்லியிருந்தார்கள். நான் எழுதிய ப்ரோகிராம், ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்தை ஒரே ஆளாக்கிவிட்டதாம்.

சுருக்கென்று கோபம் வந்தது. முதலில் அவர்கள் மேல்தான் வந்தது. என் மேல் வருவதற்கு அரைமணி நேரம் ஆனது.

மகள் பிறந்ததும் வேலையை விட்டவள் நான். ஆறு வருடம் ஓடிவிட்டது. அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் போனில், "இந்த ஆறு வருஷம் என்ன பண்ணீங்க மேடம்?" என்று கேட்டார்கள், அதோடு சரி. வீட்டுப்பாடம் மாதிரி ஒரு வேலையைக் கொடுத்து, செய்து அனுப்பச் சொன்னது இந்தத் துரைப்பாக்கம் கம்பெனி மட்டும்தான். இதுவும் போனால் இனி யாருக்கும் விண்ணப்பம் போடுவதில்லை என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவு வேண்டும்.

கொடுத்த வேலை கேட்பதற்குச் சுலபமானது. இரண்டு மருத்துவமனைகளின் நோயாளிப் பட்டியல்கள் இருக்கின்றன. இந்தப் பட்டியலில் இருப்பவரும் அந்தப் பட்டியலில் இருப்பவரும் ஒரே ஆள்தானா என்று ப்ரோகிராம் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில். நான் மதிப்பெண் போட்டிருந்தேன். போன் நம்பர் ஒத்துப்போனால் அறுபது, முகவரிக்கு முப்பது, பெயருக்குப் பத்து. எண்பதைத் தாண்டினால் ஒரே ஆள். போன் நம்பரைப் போலப் பெயரை நம்ப முடியுமா என்று நினைத்துக்கொண்டு, பெரிய புத்திசாலி மாதிரி அனுப்பியிருந்தேன்.

வெட்கத்தை விட்டு அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். பெண்ணுக்கு போன் போட்டேன். இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"வழக்கமா இப்படிப் பண்றதில்ல மேடம். ரிவ்யூ பண்ற சார்கிட்ட பேசிட்டேன். மண்டே காலைல பத்து மணிக்குள்ள அனுப்பினா பாக்கறேன்னாரு. ஒரு நிமிஷம் லேட் ஆனாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கணவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நம்ம வீட்ல எல்லா ஃபார்ம்லயும் யார் நம்பர் குடுக்கறோம்?"

காஸ், பாப்பாவின் ஸ்கூல், மாமியாரின் ஷுகர் டெஸ்ட், என் கண் பரிசோதனை எல்லாவற்றுக்கும் அவர் நம்பர்தான்.

"உங்க எல்லாருக்கும் ஓடிபி எனக்குத்தான் வருது. மெஷின்கிட்ட நிக்கும்போது போன் அலறும். நீ என்னடான்னா ஒரே நம்பர்னா ஒரே ஆளுன்னு எழுதி வெச்சிருக்க."

கிண்டல்தான் செய்தார். ஆனால் அன்று அதைத் தாங்கும் நிலையில் நான் இல்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தம் வரும்படி கழுவினேன்.

சனிக்கிழமை மதியத்துக்குள் திருத்திவிட்டேன். பெயரும் இனிஷியலும் அப்படியே ஒத்துப்போக வேண்டும், போன் நம்பர் பிறகுதான். அந்த ஐந்து பேரும் ஐந்து பேராகவே வந்தார்கள். அப்போதே அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. நம் வீட்டை வைத்தே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பீரோவில் கிடந்த ஆஸ்பத்திரி ஃபைல்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன்.

என் ஃபைல்கள் இரண்டு இருந்தன. ஒன்று கல்யாணத்துக்கு முந்தையது. அனகாபுத்தூரில் அப்பா வீட்டில் இருந்தபோது போட்டது, ஆற்று வெள்ளத்தில் நனைந்து ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருங்கியிருந்தது. அதில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். இன்னொன்று தாம்பரத்தில் போட்டது, அதில் கணவரின் இனிஷியல். இரண்டு விவரத்தையும் கம்ப்யூட்டரில் அடித்து ஓடவிட்டேன்.

'இல்லை' என்றது. வேறு வேறு ஆள்.

கல்யாணமானதும் இனிஷியலை மாற்றிக்கொண்டவள் நான். சர்டிபிகேட்டில் இருப்பவளும் ஆதாரில் இருப்பவளும் ஒருத்திதான் என்று பேங்கில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தவள். அப்படிப்பட்டவள் எழுதிய ப்ரோகிராமுக்கு என்னையே தெரியவில்லை. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

பிறகு பழைய ஃபைலைச் சும்மா புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் சிவப்பு மையில், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். பதினேழு வயதில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டிய அந்த ராத்திரிக்கு மறுநாள் எழுதியது. புதிய ஃபைலை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. பிரசவ நேரத்தில் நான் மயக்கத்தில் இருந்தபோது என் கையில் எத்தனை ஊசி போட்டார்களோ தெரியாது. அதுவரை இந்த ப்ரோகிராம் எனக்கு வேலைக்கான பரீட்சையாக மட்டும்தான் இருந்தது.

ஞாயிறு முழுவதும் உட்கார்ந்தேன். பெண்ணாக இருந்து, பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால், இனிஷியல் மாறியிருந்தாலும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று தளர்த்தினேன். பிறந்த தேதியே இல்லாத பதிவுகள்தான் கழுத்தைப் பிடித்தன. தேதியும் இல்லாமல், மற்றதும் உறுதியாக ஒத்துப்போகாமல் நாற்பத்தொரு ஜோடிகள் நின்றன. 'ஆம்' என்றாலும் பயம், 'இல்லை' என்றாலும் பயம். கடைசியில் மூன்றாவதாக ஒரு பதிலைச் சேர்த்தேன்: 'கேட்டுச் சொல்லவும்'. கேள்வித்தாளில் அப்படி ஒரு பதிலுக்கு இடமே இல்லை. கேட்டதைச் செய்யாதவள் என்று இன்னொரு தடவை தள்ளிவிட அதுவே போதும்.

திங்கள் காலை ஒன்பது இருபதுக்கு கரண்ட் போனது. என் லேப்டாப் பேட்டரி சும்மா பேருக்கு. தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அங்கே இன்வெர்ட்டர் உண்டு.

மாடியில் இருப்பது என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. எங்கள் இருவருக்கும் ஒரே பெயர். பெண் பார்க்க வந்தபோதே மாமியார் இதற்காகத் தயங்கினாராம். அண்ணன் தம்பி பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இனிஷியலும் ஒன்றுதான். முகவரியும் ஒன்று. வீட்டில் அவரைப் பெரியவள் என்றும் என்னைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுச் சமாளிக்கிறோம்.

"என்னாச்சு, ஏன் இப்படி மூச்சிரைக்க ஓடி வர்ற?" என்று ப்ளக்கைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஒன்பதே முக்கால் ஆயிற்று. அந்த மூன்றாவது பதிலை எடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. ஒரு வரியை அழித்தால் போதும்.

"அக்கா, நம்ம பேர் போட்டு ஒரு பார்சல் வந்தா, அது யாருக்குன்னு எப்படித் தெரியும்?"

"கேட்டாத்தான் தெரியும். கேக்காம உன் புடவையை எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான், ஞாபகம் இல்லியா? நானும் பிரிச்சுட்டேன்."

அழிக்கவில்லை. ஒன்பது ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன்.

வியாழக்கிழமை அந்த ரிவ்யூ சாரே வீடியோவில் வந்தார். சிரிக்காத முகம்.

"யெஸ் ஆர் நோதானே கேட்டிருந்தோம். நாற்பத்தொண்ணுக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

"எனக்குத் தெரியல சார். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லியிருக்கேன்."

"ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க. எல்லாத்தையும் 'யெஸ்'னு மாத்திடுங்க, ஒரு லைன்தான். இப்பவே முடிச்சுடலாம்."

விரல் கீபோர்டின் மேல் இருந்தது. ஆறு வருடம் அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது.

"முடியாது சார்" என்றேன். "ஒருத்தருக்கு ஒத்துக்காத மருந்து இன்னொருத்தர் ஃபைல்ல போய் உக்காரும். இல்லன்னா எழுதவேண்டிய ஃபைல்ல இல்லாமலே போயிடும். எனக்கே அப்படி ஆகியிருக்கு. யாராவது ஒருத்தர் அவங்களுக்கு போன் பண்ணிக் கேக்கட்டும்."

அவர் கொஞ்ச நேரம் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, மெயில் வரும்" என்று வைத்துவிட்டார். போயிற்று என்றுதான் நினைத்தேன். என் வாயை நானே திட்டிக்கொண்டு அன்றைக்குச் சாம்பாரில் உப்பைப் போட மறந்தேன்.

மறுநாள் மதியம் மெயில் வந்தது. நன்றியில் ஆரம்பிக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. கணவருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மாடிக்கு ஓடிப் போனை அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். அவரும் கணக்கில் பட்டம் வாங்கியவர். கல்லூரி முடிந்த மாதமே கல்யாணம், ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை. மேலே இருந்த பெயர் வரியிலேயே வெகுநேரம் நின்றார். இனிஷியல், பெயர், கீழே எங்கள் வீட்டு முகவரி.

"என் பேருக்கு இப்படி ஒரு லெட்டர் எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். சந்தோஷமாகத்தான் கட்டிக்கொண்டார். என் போனை மட்டும் உடனே திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.