மிளகாய் அரைத்த கை

தொண்ணூறுகளின் நடுவில், மார்கழி மாதத்து மாலை நேரம். உக்கடம் குளத்தின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சாலையில் வேலை முடித்து, பஸ் பிடிக்க ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து மஞ்சள் வெளிச்சம் ஒன்று விரிந்து வந்தது. அப்புறம் பார்த்தால் தரையில் கிடக்கிறேன். வலிகூடத் தெரியவில்லை. யாரோ ஒரு பெண் என் தலையை மடியில் தாங்கிக் கன்னத்தைத் தட்டினாள். அவள் மணிக்கட்டில் தேள் ஒன்று பச்சை குத்தியிருந்தது. "கண்ணு, தூங்கிப்போடாதீங்க கண்ணு" என்ற குரல் எங்கோ தண்ணீருக்கடியிலிருந்து வந்தது.

விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன், காலில் மாவுக்கட்டு. என்னை மோதிய கார் கொஞ்சம் தள்ளி மின்கம்பத்தில் முட்டி நின்றதாம். ஓட்டியவர் நல்ல குடி என்று எல்லாரும் சொன்னார்கள். அவரோ, குடிக்கவே இல்லை, காரில் தனியாகத்தான் வந்தேன், அடிபட்ட பொம்பளைதான் குறுக்கே ஓடிவந்தாள் என்று சாதித்தார். தேள் பச்சை குத்திய கையைப் பற்றிச் சொன்னால் என் வீட்டுக்காரர்கூட நம்பவில்லை.

"மயக்கத்துல சொப்பனம் கண்டிருக்கறே அம்மணி" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் மறுபடி மிஷின் முன்னால் நிற்க முடியும். நஷ்டஈடு வந்தால்தான் ஆபரேஷன். வழக்குப் போட்ட வக்கீலம்மா, மோதியதைக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்றார். சாட்சிக்கு நான் எங்கே போவேன்?

எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் ஆனைமலைக்குப் போவார்கள். அம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால், தப்புச் செய்தவனுக்கு எரியும் என்று நம்பிக்கை. நானும் ஊன்றுகோலோடு போய் அம்மி முன் உட்கார்ந்தேன். அந்தக் குடும்பமே விளங்கக் கூடாது என்று வயிறெரிந்து அரைத்தேன்.

நெடியில் கண் கரித்து எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்து அம்மியில் ஒரு கை போய்ப் போய் வந்தது. அதன் மணிக்கட்டில் அதே தேள். இதுவும் சொப்பனம்தானோ என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"ஏனுங்க, உக்கடத்துல என் தலையைத் தாங்குனது நீங்கதானுங்களா?"

கை நின்றது. அவள் என் காலைப் பார்த்தாள், அழுதாள். கார் ஓட்டியவரின் மனைவி அவள்.

"குடிச்சுப்போட்டு ஓட்டாதீங்கன்னு சொல்லிட்டேதானுங்க வந்தேன். கேக்கலைங்க. கூட்டம் கூடுனதும் என்னைய ஆட்டோவுல ஏத்தி அனுப்பிப்போட்டாரு. அந்தக் குடி நிக்கோணும்னுதான் இப்ப அரைக்கறேன்."

"கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"சொன்னா என்னைய ஊட்டுல வெச்சிருக்க மாட்டாங்களே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் வற்புறுத்த மனசு வரவில்லை. அதற்கப்புறம் என்னால் அந்தக் குடும்பத்தைச் சபிக்கவும் முடியவில்லை.

விசாரணை நாளன்று கோர்ட்டு வாசலில் அவள் நின்றாள். நான் கைகாட்டியதும் வக்கீலம்மா ஓடிப்போய்க் கூட்டி வந்தார். கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவள் புருஷன் தலையைத் தூக்கவே இல்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "கால் சரியாப் போயிரும் கண்ணு" என்றாள். சத்தியமங்கலம் பஸ்ஸில் ஏறித் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வழக்கு ஜெயித்தது. ஆபரேஷன் நடந்து மறுபடி மிஷின் முன்னால் நின்றேன். மிளகாய் அரைத்தவர்கள் காரியம் முடிந்ததும் போய் எண்ணெய் சாத்தி அம்மனைக் குளிரவைக்க வேண்டும். நான் போனபோது, அவள் பேரைச் சொல்லியும் சாத்தினேன். அவள் வேண்டுதல் பலித்ததா, அந்த மனுஷன் திருந்தினாரா, எனக்குத் தெரியாது. நான் எழுந்து நடக்க, அவள் தன் வீட்டை விட்டு நடந்தாள் என்பதை இந்தக் கால் ஒவ்வொரு அடியிலும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது.