யான்பு கேட்டும் புதுநன்மைப் பூசையும்

தேவதாஸ் ஒரு ஞாயிறாவது பூசையை முழுசாகப் பார்த்தான் என்று சாட்சி சொல்ல புஜைராவில் ஆள் கிடையாது. பக்தி குறைந்தவனல்ல, குளச்சல்காரன். கோயிலுக்கு முதல் ஆளாக வந்து உட்காருவான். பிரசங்கம் சூடுபிடிக்கும் நேரத்தில் அவன் சட்டைப்பையில் போன் அதிரும். பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். பூசை முடிந்து ஜனம் கலையும்போது காருக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பான். காணிக்கைத் தட்டுக்குப் பயந்துதான் ஓடுகிறான் என்று சில புண்ணியவான்கள் பேசிக்கொண்டதும் உண்டு.

உண்மையில் அவனை விரட்டியது சவூதியின் துறைமுக ஊரான யான்பு. வேலையாட்கள் அட்டையைக் காட்டினால் அங்குள்ள தொழிற்சாலையின் கேட், இணையம் வழியாக புஜைராவில் தேவதாஸின் கம்பெனி சர்வரைக் கேட்கும். 'நம்மாள்தான்' என்று பதில் போனால் திறக்கும். எமிரேட்ஸில் சனியும் ஞாயிறும் லீவு, சவூதியில் வெள்ளியும் சனியும். யான்பில் ஆளில்லாத தைரியத்தில் கேட்டுக்கான மென்பொருளின் புதுப் பதிப்பை வெள்ளிக்கிழமை ஏற்றுவார்கள். அதில் பிழை இருந்தால் அது சமர்த்தாக இரண்டு நாள் தூங்கிவிட்டு, ஞாயிறு காலையில் தேவதாஸைப் போலவே குளித்து முழுகிக் கிளம்பிவிடும்.

அந்த ஞாயிறு அவன் மகள் ஜினிக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள், வாழ்நாளில் ஒருமுறை வருவது. "அப்பா, நோ போன். ப்ராமிஸ்?" என்று முந்தின இரவே கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அவனும் தாராளமாகக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை ஏற்றியதுமே சோதித்துப் பார்த்திருந்தானே, எல்லாம் பச்சை விளக்கு. பிறகு வெள்ளைக் கவுனை வாங்கிவர தையல்கடைக்கு ஓடினான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அப்போது அவன் ஞாபகத்தில் இல்லை.

வெள்ளைக் கவுன்களும் கோட்டுகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பாதர் பிரசங்கத்தைத் தொடங்கினார். போன் அதிர்ந்தது.

"எந்திரிச்சியளோ, இங்ஙனயே மானத்த வாங்கிருவேன்," என்றாள் மனைவி இன்பமணி, உதடு அசையாமல்.

"யான்பு பிள்ளே. இப்ப வந்திருதேன்."

போனில் பேசியது அஸ்கர் அலி. யான்பு கேட்டின் பொறுப்பாளர், கீழக்கரைக்காரர். "தம்பி, எவன் அட்டையைக் காட்டுனாலும் கேட்டு முழிக்குது. பஸ்ஸு பஸ்ஸா ஆளு வந்து எறங்கிட்டான். கையால தொறந்துவிட எனக்குப் பெர்மிஷன் மாஃபி, கெடையவே கெடையாது."

தேவதாஸ் காருக்குள் லேப்டாப்பைத் திறந்தான். முதல் வைத்தியமாக சர்வரை அணைத்துப் போட்டான். அசையவில்லை. வெள்ளிக்கிழமை ஏற்றியதைக் கழற்றிவிட்டு பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினான். வியாழன்வரை நன்றாக ஓடிய அதுவும் படுத்துக்கொண்டது. அப்படியானால் கோளாறு பதிப்பில் இல்லை. யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். ஆத்திரத்தோடு மேனேஜர் ஸ்ரீனிவாசனை அழைத்தான். எச்சில் கையால் காக்கா விரட்டாத மனுஷர்.

"நான் எதையும் மாத்தலையே தேவதாஸ். டெஸ்ட் சர்வர் மட்டும் சனி, ஞாயிறு தானா அணையற மாதிரி வச்சிருக்கேன். லீவு நாள்ல அது சும்மா ஓடி என்ன பண்ணப்போறது? அதனால உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல சார்," என்று சொல்லி தேவதாஸ் அவசரமாகப் போனை வைத்தான். அமைப்புகள் உள்ள பக்கத்தைத் திறந்தான். தகவல்களை எங்கே போய்க் கேட்க வேண்டும் என்ற வரியில் நிஜ சர்வரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், டெஸ்ட் சர்வரின் முகவரி உட்கார்ந்திருந்தது. தையல்கடை அவசரத்தில் அவனே ஒட்டியது. வெள்ளியன்று அது விழித்திருந்ததால் எல்லாம் பச்சை. இப்போது ஸ்ரீனிவாசனின் சிக்கனத்தில் அது நிம்மதியாகத் தூங்குகிறது. பழைய பதிப்பும் அதே முகவரிக்குத்தான் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட வாயால் தன்னையே இரண்டு கெட்ட வார்த்தை திட்டிக்கொண்டான். கோயில் வளாகம் என்பதால் இரண்டோடு நிறுத்தினான்.

வரியைத் திருத்தி மறுபடி ஏற்றினான். திரையில் கோடு நத்தையாக நகர்ந்தது. பச்சை எரிவதைக் கண்ணால் பார்க்காமல் இடத்தைவிட்டு எழுந்து அவனுக்குப் பழக்கமில்லை. அஸ்கர் அலிக்குப் போன் போட்டுக் காத்திருந்தான். கோயிலுக்குள் நன்மைப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

"என்ன தம்பி, பாட்டுச் சத்தம் கேக்குது?"

"எனக்க மவளுக்கு இன்னைக்குப் புதுநன்மை அண்ணே. மொதமொத நன்மை வாங்குதா."

"வருசா வருசம் வர்றதா?"

"இல்லண்ணே. ஒரே தடவதான்."

"அட கிறுக்குப் பயலே! அதை விட்டுட்டு என் கேட்டைக் கட்டிக்கிட்டு அழுவுறியா? ஆளுக நெழல்ல நின்னு டீ குடிக்கிறானுக, ஒண்ணும் செத்துற மாட்டானுக. போனை வை. யல்லா, ஓடு!"

கோடு பாதியில் நின்றிருந்தது. தேவதாஸ் லேப்டாப்பை மூடாமலே ஓடினான்.

ஜினியின் முறை நெருங்கிவிட்டது. அவள் திரும்பி இன்பமணியின் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தாள். முகம் வாடியது. தேவதாஸ் இரண்டு பேர் காலை மிதித்து, ஒரு கேமராக்காரரைத் தள்ளிவிட்டு நடைபாதைக்கு வந்து நின்றான். அவள் கண் அவனைக் கண்டதும் நேராக அவன் கைகளுக்குத்தான் போனது. இரண்டும் காலி என்று தெரிந்த பிறகே பாதர் பக்கம் திரும்பி நாக்கை நீட்டினாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகைக்கு நடுவிலும் பச்சை எரிந்ததோ இல்லையோ என்று மனசு ஒரு ஓரத்தில் அரித்தது. என்ன செய்வது, அவன் படைப்பு அப்படி.

பூசை முடிந்து பீடத்தின் முன் போட்டோவுக்கு நின்றபோது மறுபடி போன். அஸ்கர் அலி. தேவதாஸின் முகம் வெளுத்தது. இன்பமணி வெடுக்கென்று பிடுங்கினாள்.

"அண்ணே, கேட்டு இன்னும் தொறக்கலியா?"

"அது அப்பவே தொறந்துருச்சும்மா. ஆளுகல்லாம் வேலைக்குப் போயாச்சு."

"பின்ன எதுக்கு விளிக்கிய?"

"பிள்ளை நல்லபடியா வாங்குச்சான்னு கேக்கத்தான். அவன் பாத்தானா?"

இன்பமணி போனைப் புருஷனின் காதில் வைத்தாள்.

"பாத்தேன் அண்ணே," என்றான் தேவதாஸ். "கிட்ட நின்னே பாத்தேன்."