திரைக்கு இந்தப் பக்கம்

அப்பாவின் வயிற்றுக்குள் எலும்பு வளர்ந்திருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் வரிசை வீட்டில் ஒருத்தி, "ஆட்டெலும்ப முழுங்கிட்டாரா?" என்று அம்மாவிடமே கேட்டாள்.

துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது, கயிற்றில் ஆடிவந்த பெட்டி அப்பாவின் வயிற்றில் மோதியது. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, தைத்து அனுப்பினார்கள். தையல் ஆறிச் சில வாரங்களில் வயிறு பலகையாக இறுகியது. குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாக வந்தது. திரும்பவும் அதே வார்டு.

டாக்டர் வெள்ளைக்காரர். அவருக்கு உதவியாக நின்று அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் டிரெஸர் அந்த வாரம் லீவு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளிக்கூடச் சப்பாத்து டக்டக்கென்று ஒலிக்க முன்னால் போய், நான் சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் கிடந்த, மலாய்க்காரர்போலப் பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் சாப்பாட்டுக் கடைக்காரர், "தங்கச்சி, தொரைகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு லா. இங்க கொழம்புல உப்பே இல்ல" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் கேட்டார்: மலம் போனதா? காற்றாவது பிரிந்ததா? போயிருந்தால் காத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் குடல் அடைத்திருக்கிறது, இன்றே திறந்தாக வேண்டும்.

ஆங்கிலத்தில் எல்லாம் எளிய சொற்கள். தமிழில்தான் வாய் வரவில்லை. நான் வயதுக்கு வந்த நாளிலிருந்து அப்பா என் முன்னால் வேட்டியை அவிழ்த்துக் கட்டியதுகூட இல்லை. கக்கூசுக்குப் போவதென்றால் நான் வீட்டுக்குள் போகும்வரை வாசலில் நிற்பார்.

"அப்பா, வயிறு..." என்றேன். காது சுட்டது.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லும்மா" என்றார்.

அதையே சொன்னேன். டாக்டர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னடி சரியா இருக்கு? ஞாயித்துக்கெழமலேர்ந்து அவருக்கு ஒண்ணும் போகல. காத்துகூட இல்ல."

"பின்னே ஏன் அப்பா அப்படிச் சொன்னாரு?"

"பெத்த பொண்ணுகிட்ட எந்த ஆம்பள சொல்லுவான்?"

டிரெஸர் கேட்டிருந்தால் அப்பா சொல்லியிருப்பார். நான் நின்றதால்தான் அவர் வாய் திறக்கவில்லை. ஓடிப்போய் டாக்டரை மறித்து, அம்மா சொன்னதைச் சொன்னேன். நோயாளி வாயாலேயே கேட்க வேண்டும் என்றார் அவர்.

கட்டிலைச் சுற்றித் துணித்திரை வைக்கச் சொன்னேன். அம்மா உள்ளே, நானும் டாக்டரும் வெளியே. டாக்டர் என்னிடம் கேட்பார். நான் துணியைப் பார்த்து அம்மாவிடம் கேட்பேன். அம்மா அப்பாவிடம் கேட்பாள். அவர் முனகுவது எனக்கே கேட்டது. இருந்தாலும் அம்மா திருப்பிச் சொல்லும்வரை கேளாதவள்போல நின்றேன்.

"இல்லையாம்" என்றாள் அம்மா.

அன்று மத்தியானமே வயிற்றைத் திறந்தார்கள். டாக்டர் பீங்கான் தட்டில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பவளப்பாறைத் துண்டுபோலக் கிளை விட்டிருந்தது. அடிபட்டு, கத்தியும் பட்ட இடத்தில், அபூர்வமாக, உடம்பு எலும்பை உண்டாக்கிவிடுமாம். குடலைத் தாங்கும் சவ்வில் முளைத்துக் குடலை நெரித்திருந்தது. எடுத்தாகிவிட்டது, ஆனால் காற்றுப் பிரிந்தால்தான் பிழைப்பார் என்று சொல்லலாம், அதுவரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்றார்.

காலைதோறும் திரை, அம்மா, அதே கேள்வி. "இல்லையாம்." அம்மாவின் குரல் ஒவ்வொரு நாளும் தேய்ந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கற்ற ஜெபம், பாட்டு எதுவும் மனதில் நிற்கவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். அதை நினைக்கவும் கூசியது.

ஒரு காலை, நான் கேட்க வாயெடுக்கும் முன்பே திரைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நீளமாக, வார்டு முழுக்கக் கேட்டது.

"அண்ணே! சீனன் புதுவருசப் பெருநாளு வெடி லா!" என்று கடைக்காரர் கத்தினார். கட்டில் கட்டிலாகச் சிரிப்பு பரவியது. டாக்டருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அம்மா உள்ளே அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு அப்பாவின் குரல், மெலிந்து: "புள்ள வெளிய நிக்குதா?"

"இல்லங்க. அது அப்பவே போயிருச்சு" என்றாள் அம்மா.

நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சத்தமில்லாமல் வராந்தாவுக்கு நடந்தேன்.