மாப்பிள்ளைக்கு வாங்கப்போன வாட்ச்

மாப்பிள்ளை வீட்டில் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஸ்விஸ் வாட்ச் ஒன்று மட்டும் போட்டால் போதும் என்றார்கள். அந்த "மட்டும்" எங்கள் வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை. அப்பா இல்லாத வீடு. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிற அண்ணன்தான் எனக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும். நான் மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய், தைத்து வரும் ஷூக்களில் குறை பார்க்கிறவள். புது வாட்ச் வாங்க எங்கள் இருவர் சம்பளமும் எந்த மூலைக்கு?

"செகண்ட் ஹேண்ட்ல கெடைக்குது பாப்பா. துபாய்லேர்ந்து வந்த ஒருத்தன் விக்கிறான்" என்றான் அண்ணன்.

பஜார் டீக்கடையில் அந்த ஆள் வெல்வெட் பெட்டியைத் திறந்தான். அண்ணன் வாட்சைப் பார்க்கவே இல்லை. வாரைத்தான் பார்த்தான். மடக்கினான், மோந்தான், நகத்தால் கீறினான். தோலோடு தோலாகக் கிடப்பவனுக்கு வேறென்ன தெரியும்!

"அசல் கன்னுக்குட்டித் தோலு. டூப்பே கெடையாது" என்றான். முகமெல்லாம் பூரிப்பு.

நல்ல வாரை எவன் வேண்டுமானாலும் எந்த வாட்சிலும் மாட்டலாமே! நான் முகப்பைப் பார்த்தேன். ஷூவில் அச்சடித்த பேர் கோணலா என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு. கம்பெனிப் பேரில் ஓர் எழுத்து மை கசிந்திருந்தது. தேதி எண் அதன் கட்டத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதே மாதிரி ஒரு ஷூ வந்தால் நான் தூக்கிக் கடாசியிருப்பேன்.

"எதிர்லயே ரிப்பேர் கடை இருக்குது. பின்னால தொறந்து காட்டுங்க" என்றேன்.

"தொறந்தா தண்ணி பூந்துடும்மா."

"திரும்ப மூடத் தெரியாதவரா கடை வெச்சிருக்காரு? மடியில கனம் இல்லன்னா வழியில இன்னா பயம்?"

"இன்னா தோஸ்த், தங்கச்சிய இட்டாந்து பேஜார் பண்றியே!" என்று அண்ணனிடம் சிடுசிடுத்துவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பும் வழியில் அண்ணன் பைக்கை ஓரம் கட்டினான். ஏமாறாமல் தப்பித்தோம் என்று சொல்வான் என்றுதான் நினைத்தேன்.

"அதையே கம்மியா பேசி வாங்கிடலாம் பாப்பா. அவங்க ஊட்ல யாருக்குத் தெரியப் போவுது?"

கண் கலங்கியிருந்தது. அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. எனக்காக அதையும் கற்றுக்கொள்ளத் துணிந்துவிட்டான்.

அவனை அப்படி நிற்கவைக்க மனம் வரவில்லை. சாயங்காலம் நானே குடியாத்தத்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா பயந்த? டூப்பே வாங்கச் சொல்லு. மண்டபத்துல பளபளன்னு இருந்தா போதும்."

அப்பாடா! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தங்கமான மனுஷன் என்று நினைத்து முடிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"ஒரிஜினலுக்கு ஆவுற மிச்சத் துட்ட மட்டும் தனியா என் கையில குடுத்துட சொல்லு. எங்கப்பாவுக்குத் தெரிய வேணாம்."

"துட்டு இல்லாமத்தானே எங்கண்ணன் பழசு தேடி அலையறாரு?"

"லோன் போடட்டும். தங்கச்சிக்கு இதுகூட செய்ய மாட்டாரா?"

போனை வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் போய், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன்.

"ஒரு வாட்சுக்காவ வேணான்றியா?"

"வாட்ச்ச உடுண்ணா. அந்த துபாய்க்காரன் தொறந்து காட்ட மாட்டேன்னு ஓடிட்டான். இவரு நான் கேக்காமலே தொறந்து காட்டிட்டாரு" என்று, போனில் பேசியதை அப்படியே சொன்னேன்.

"பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சேடி, ஊரு இன்னா பேசும்?" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். திட்டப் போகிறான் என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

"நாளைக்கு குடியாத்தம் போய் நானே சொல்லிட்டு வர்றேன்" என்றான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். வெகுநேரம் துடைத்தான்.

"ஆனா அந்த வாரு நல்ல தோலுதான் பாப்பா. அதுல நான் ஏமாறல."