ஒன்றாகிப்போன இரண்டு குருவிகள்

300. அமெரிக்காவின் மினசோட்டா மாநில எல்லைக்குள் எல்டன் நியெமி தன் கேமராவில் பிடித்த பறவை இனங்களின் எண்ணிக்கை, 2024 ஜூலையில் ஒரு புதன்கிழமை வரை. வியாழன் காலை அது 299 ஆகிவிட்டது.

"எதாவது திருட்டுப் போச்சா? முகம் அப்படி இருக்கு," என்று காபியை வைத்தபடி மனைவி ஆர்டிஸ் கேட்டார்.

"போச்சு. சாதா ரெட்போல் குருவியும் நரை ரெட்போல் குருவியும் ஒரே இனம்தானாம். நிபுணர்கள் முடிவு பண்ணிட்டாங்க."

எல்டன் இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். படம் இல்லாத பறவை கணக்கில் சேராது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். கூடத்துச் சுவரில் இனத்துக்கு ஒரு படம், படத்துக்கு ஓர் எண். 87, சாதா ரெட்போல்: நெற்றியில் சிவப்புப் பொட்டு, விலாவில் பழுப்புக் கோடுகள், சமையலறை ஜன்னலிலிருந்தே எடுத்தது. 212, நரை ரெட்போல்: அதே பொட்டு, ஆனால் மாவில் புரண்டு எழுந்தது போன்ற வெளுப்பு. அதற்குப் பதினோரு குளிர்காலம் பிடித்தது. காரின் சூட்டில் படம் கலங்கும் என்று என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்ததில் கன்னத்தைப் பனி கடித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

"அப்போ அன்னைக்கு நான் எதைப் படம் எடுத்தேன்?" என்றார்.

"குருவியைத்தான்."

பறவைச் சங்கச் செயலாளர் டுவேன் போனில் வந்தார். "சனிக்கிழமை விருந்துக்கு நாப்பது பேர் வர்றாங்க. கேக்குல முன்னூறுன்னு எழுதியாச்சு. நீ வாயைத் திறக்காதே."

"நாப்பதும் பறவைக்காரங்க, டுவேன். எனக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சா என்ன? கைதட்டிட்டுப் போவாங்க."

"இல்லாத முன்னூறுக்கா?"

போனை வைத்துவிட்டு 212-ஐக் கழற்றினார். கன்னத்தைத் தடவியபடி திரும்ப மாட்டினார். 87-ஐக் கழற்றினார். அதுதான் முதலில் வந்தது, அதையும் மாட்டினார். இரண்டும் ஒன்று என்றால் எதை எடுப்பது? ஒன்று என்றால் ஏன் இப்படி இரண்டாகத் தெரிகிறது? மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் இரண்டாகவே தெரிந்தது.

"மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிவு பண்ணுவியா?" என்றார் ஆர்டிஸ். "கேக்கை நான் ஃப்ரீசர்ல வைக்கிறேன். நீ போய் இன்னொண்ணைப் புடி."

கடைசியில் இரண்டு படங்களையும் ஒரே சட்டத்தில் செருகி 87 என்று எழுதினார். 213 முதல் 300 வரை, எண்பத்தெட்டுப் படங்களுக்கும் எண்ணை மாற்றி எழுத வேண்டும். பாதியில் இருமுறை நிறுத்தி, அந்தச் சட்டத்தின் முன் போய் நின்றார். இன்னும் புரியவில்லை.

விருந்து ஆகஸ்ட் 17-க்குத் தள்ளிப்போயிற்று. விருந்து நடக்கவிருந்த இந்தச் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எல்டனும் ஆர்டிஸும் மேற்கே புல்வெளிக்குக் கிளம்புகிறார்கள். எல்டன் இன்னும் படம் எடுக்காத ஒரு பறவை அங்கே கூடு கட்டியிருக்கிறது.